போதும் என்னும் சொல்

இலோ துறைமுகத்திலிருந்து மாற்றலாகி
ஐயாயிரத்து நூறு மீட்டர் ஏறி வந்தேன்,
இரண்டு கம்பளி, ஒரு மண்ணெண்ணெய் அடுப்புடன்.
முதல் மூன்று நாள்
சிறுநீர் கழித்தே கழிந்தது.
குற்றமில்லை. மூச்சு இரைத்து இரைத்து
கரியமில வாயுவை வெளியே வீச,
மிஞ்சிய காரத்தைச் சிறுநீரகம்
சத்தமில்லாமல் இறைத்துக்கொண்டிருந்தது,
ஓட்டைப் படகில் தகரக்குவளையோடு
உட்கார்ந்தவனைப் போல.

இரவில் இன்னொன்று.
தூக்கத்தில் மூச்சு மெலிந்து
மெலிந்து
நின்றுவிடுகிறதாம்.
பக்கத்துக் கட்டிலில் எர்லிந்தா எண்ணுகிறாள்:
பதினொன்று, பன்னிரண்டு.
பிறகு வாரி இழுக்கிறேனாம்,
அலைக்கடியிலிருந்து தலை நீட்டியவள் போல
நான்கு மூச்சு. மறுபடி மெலிவு.

செய்தி பிந்துகிறது, அவ்வளவுதான்.
குறைந்துவிட்டது என்று மூளைக்குத் தெரியும்போது
மிகவும் குறைந்திருக்கும்.
போதும் என்று தெரியும்போது
மிகவும் இழுத்திருப்பேன்.
மலிவு விடுதியில் வெந்நீர்க் குழாயைத்
திருகியவர்களுக்கு இது புரியும்:
பனி, பனி, ஐயோ சூடு, பனி.

வெள்ளிக்கிழமை நிகாசியோ வந்தான்.
பதினெட்டு வருடச் சுரங்கம்.
உதடு கத்தரிப்பூ நிறம். காதில் ஓயாத இரைச்சல்.
குருதியைக் குழாயில் சுழற்றிப் பார்த்தேன்.
நூற்றுக்கு எழுபத்தாறு சிவப்பணு.
கூழ்.

யாரைக் குறை சொல்ல?
காற்று போதவில்லை என்று சிறுநீரகம் எழுதுகிறது.
எலும்பு மஜ்ஜை மறுபேச்சின்றிச் செய்து அனுப்புகிறது.
இருவருமே நேர்மையானவர்கள்.
குருதி கெட்டிப்பட ஓட்டம் தளர்கிறது,
தளர்ந்த ஓட்டத்தில் காற்று இன்னும் போதவில்லை,
இன்னும் அனுப்பு என்கிறது அடுத்த கடிதம்.
கீழே எல்லா ஊரிலும் பதிலாக வருகிற
அந்த ஒரு சொல்
இவ்வளவு உயரம் ஏறி வருவதில்லை.

முழங்கை மடிப்பில் ஊசி.
அரை லிட்டர் இறக்கி, உப்புநீர் ஏற்றினேன்.
தொங்கும் பையை உற்றுப் பார்த்து
அவன் மனைவி சத்துர்னீனா கேட்டாள்:
"இது திரும்ப ஊறுமா?"
ஊறும்.
"அப்போ எதுக்கு?"
ஒரு மாதம் மேடு ஏறலாம் என்றேன்.
கீழே போய்விடுங்கள் என்றும் சொன்னேன்,
சொல்லியாக வேண்டிய வரி.

நிகாசியோ சிரித்தான்.
முப்பது நாள் கூலியில்லை அவனுக்கு;
கடைசி நாளில் தோள் தாங்குகிற கல் மட்டும் சொந்தம்.
கல்லுக்குள் தங்கம் இருக்கலாம்,
இல்லாமலும் இருக்கலாம்.
"இன்னும் ஒரு மாசம், செவிலியம்மா.
நரம்பு தெரிய ஆரம்பிச்சிருக்கு."
பாறையின் நரம்பைச் சொன்னான்.
நான் அவன் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தேன்,
அது உறையச் சிறிது நேரம்கூட ஆகவில்லை.

நேற்றிரவு எட்டு வரைதான் எண்ணினாளாம் எர்லிந்தா.
நான் தேறிவிட்டேனா என்று கேட்டேன்.
தெரியவில்லை என்றாள்,
எட்டில் அவள் தூங்கிவிட்டாள்.