நாலாயிரம் ஹெர்ட்ஸ்

மே மாதம். சத்துவாச்சாரியில் இர்ஃபானுல்லாவின் மாடி அறை.
பகலெல்லாம் குடித்த வெயிலை
இரவு பத்து மணிக்கும் பாறைமலை
திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.
கட்டில்மேல் மூன்று கிதார்கள்,
ஸ்கேனுக்குக் காத்திருப்பவர்கள் போல மல்லாந்து.

முதலாவது கிருபைராஜுடையது.
முகம் ஸ்ப்ரூஸ், முதுகும் விலாவும் ஈட்டி.
அறுபத்திரண்டாயிரம்.
பெட்டிக்குள் ஈரம் காட்டும் சின்ன மீட்டர்,
சோப்புடப்பாவில் நனைத்த ஸ்பாஞ்ச்:
கத்திரியில் வெடித்துவிடக் கூடாதாம்.
எனக்கு யாரும் இப்படி ஸ்பாஞ்ச் வைத்ததில்லை.

இரண்டாவது இர்ஃபானுடையது, முழுக்க மஹோகனி,
ஆறிப்போன டிக்காஷன் நிறம்.
மூன்றாவது பிளைவுட். காட்பாடியில் நாலாயிரத்து இருநூறு.
ஓட்டையின் விளிம்பில் அடுக்கடுக்காய்த் தெரிகிறது,
பரோட்டாவைப் பிய்த்த இடம்.

இர்ஃபான் ஆம்பூர்க்காரன், தோல் மண்டி வீட்டுப் பிள்ளை.
விரல்கணுவால் தட்டிப் பார்த்துவிட்டு,
"தோல் மாதிரிதான் இதுவும்.
முதுகுப் பக்கம் ஒரு குணம், வயித்துப் பக்கம் ஒரு குணம்.
காய்ஞ்ச விதத்துலதான் விஷயம்" என்கிறான்.

ஒரே பிளெக்ட்ரம். ஒரே ஜி மேஜர்.

ஈட்டி:
பேருக்கேற்ற மாதிரி எறிந்ததும்
எதிர்ச்சுவரில் போய்க் குத்தி
இன்னும் அதிர்ந்துகொண்டு நிற்கிறது.
மஹோகனி சொல்ல வந்ததைச் சொல்லி
வாயை மூடிக்கொள்கிறது.
பிளைவுட் கல்யாண மண்டபத்துத் தூரத்துச் சித்தப்பா.
எல்லாரையும் கூப்பிடும், யாரிடமும் பேசாது.

"மேலே ஒரு மணி கேட்குதா?" கிருபைராஜ் விரலைத் தூக்குகிறார்.
"கம்பியை விட்டப்புறம், மேலே... மேலே...
ஈட்டியில மட்டும்தான் வரும்."
கேட்குது என்றேன்.

என் வேலை காது சோதிப்பது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆளை உட்காரவைத்து
நூலிழை மாதிரி ஓர் ஒலியை அனுப்புவேன்.
கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும்.
கேட்காமலே அழுத்துகிறவர்கள் உண்டு,
என் தோள் அசைவதைப் பார்த்து,
பாஸாகிவிட வேண்டும் என்ற ஆசையில்.

துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டேன்.
"வரிசை மாத்தி வாசி."

முதல் சுற்றில் நான் நல்லது என்றது பிளைவுட்.
இரண்டாம் சுற்றிலும் பிளைவுட்.
கிருபைராஜ் இருமினார். பெங்களூர் லாரி போகுது, அதான் என்றார்.
லாரி போகட்டும் என்று காத்திருந்தோம்.
அது போனால் அடுத்தது.
மூன்றாம் சுற்றில் ஈட்டியை மஹோகனி என்றேன்.

அப்போதும் நான் சொல்லவில்லை,
என் காதை நானே சோதித்திருப்பதை.
ஒரு மதிய இடைவேளை, கதவைப் பூட்டிக்கொண்டு.
குடியாத்தத்தில் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டு விசைத்தறி.
பதினேழு வருஷம் அதை ஒட்டிப் படுத்து, படித்து, வளர்ந்தேன்.
வரைபடத்தில் கோடு நேராய் வந்து
நாலாயிரம் ஹெர்ட்ஸில் கிணற்றில் இறங்குகிறது.
அப்புறம் ஒன்றும் நடக்காதது போல் ஏறி வருகிறது.
ஈட்டியின் மணி அந்தக் கிணற்றுக்குள்தான் இருக்கிறதோ என்னவோ.
அறுபத்திரண்டில் எத்தனை ஆயிரம்
அந்த மணிக்கு?

கட்டை அவிழ்க்காமல் கையை நீட்டினேன்.
ஏதோ ஒன்றை மடியில் வைத்தார்கள்.
ஐந்தாம் கம்பி. கட்டைவிரல்.
முதுகுப் பலகை விலா எலும்பில் ஒட்டி,
பஸ்ஸில் சீட் கிடைக்காமல்
எஞ்சின் மூடியில் உட்கார்ந்து வந்த நாள் போல
உடம்பெல்லாம் உறுமியது.
காதுக்கு வேலையே இல்லை.

"இது எது?"
"மஹோகனி."
"எவ்வளவுக்குத் தருவ?"
இர்ஃபான் சொன்னான். அதிகம்தான்.
யோசிக்கிறேன் என்றேன், மடியிலிருந்து எடுக்காமல்.

கிருபைராஜ் கடைசியாக ஒருமுறை ஈட்டியை மீட்டினார்.
எல்லாம் அடங்கும்வரை கம்பியைத் தொடவில்லை.
"இப்ப? மணி?"
துப்பட்டாவை இறக்கி அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்:
"இல்ல சார்."

கிதாரைப் படுக்கவைத்து மூடினார்.
ஸ்பாஞ்சை எடுத்துக்கொண்டு
வாஷ்பேசின் பக்கம் போய்,
குழாயைத் திறந்துவிட்டு, திரும்பாமலே,
"எனக்கும் சில நாள்தாம்மா" என்றார்.