முதல் – வரை

ஒன்றிய அலுவலகச் சுவரில் தேக்குப் பலகை.
பெருந்தலைவர் பெயர், முதல், வரை:
மூன்று கட்டம்.
உப்புக்காற்று
முதல் ஆளின் தலையெழுத்தைத் தின்றிருந்தது.

நான் சீனி அசன், கீழக்கரை, பெயிண்டர்.
இதில் நாலு பேரை எழுதியிருக்கிறேன்.
ஒருவரும் கூலியை அன்றைக்கே தந்ததில்லை.

பெயர்களுக்கு நடுவே மூன்று இடத்தில்
'தனி அலுவலர்'.
தேர்தல் நடக்காத வருஷங்கள்.
ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள்,
எழுத்து மாறவில்லை.
ஒரே ஸ்டென்சில்தான் வைத்திருந்தேன்.

இப்போது நம்புராணி.
களிமண்குண்டில் கடற்பாசி எடுத்தவள்.
எட்டுக்கு எட்டு வந்து
ஊறுகாய் பாட்டிலில் சீட்டுப் போட்டார்கள்.
வராண்டாவில் நின்ற யாரோ ஒரு பிள்ளை
எடுத்துக் கொடுத்த பெயர்.

ஸ்டூலில் ஏறி நின்று கேட்டேன்:
இனிஷியல் அப்பாவோடதா, வீட்டுக்காரரோடதா?
தண்ணீர் லாரி, பன்னிரண்டு கிராமம், கோப்பு விரிந்திருந்தது.
பாறை கீறிய விரலால்
கையெழுத்தை மெதுவாக முடித்துவிட்டு
நிமிராமல் சொன்னாள்:
"வார்டு ஓட்டுச்சீட்டுல இருந்தபடி எழுதுங்க."

'முதல்' போட்டேன்.
'வரை'க்கு வந்ததும் தூரிகையைத் துடைத்தேன்.
அந்தக் கட்டத்தை
அடுத்த ஆள் வந்த பிறகுதான் எழுதுவது.

காலிக் குடத்தோடு வந்தவர்கள்
பலகைக்குக் கீழே நின்றார்கள்.
"காஞ்சிருச்சா?" என்றாள் ஒருத்தி.
தொடாதீங்க, ஈரம், என்றேன்.
தொட்டுவிட்டாள்.

'நம்பு'வின் மேல்
அந்த விரல் ரேகை இன்னும் இருக்கிறது.
திருத்த என்னைக் கூப்பிடவில்லை.
கூலியும் வரவில்லை.