ஒன்றும் சொல்லாவிட்டால்

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி.
கீழே கரையோர ரயில் போகும்போதெல்லாம்
சோல்டரிங் அயர்ன் தன் தாங்கியில் நடுங்கும்.
இங்கேதான் அந்தக் கருவியை எழுதுகிறோம்,
நானும் தெனுவனும்
வியாழக்கிழமைகளில் மட்டும் ருஷ்தாவும்.
சிப்புக்குள் நான்கு வயரை விட்டு
இப்போது என்ன நினைக்கிறாய் என்று கேட்கும் கருவி.

இரண்டு வாரமாக ஒரு சொல்லில் நிற்கிறோம்:
ரீசெட்.
அதை மட்டும் அடித்து எண்டரைத் தட்டினால்
சிப் எழுந்து ஓடவேண்டுமா,
இல்லை எழுந்து, முதல் அடி வைக்குமுன்
எங்கள் முகத்தைப் பார்த்து நிற்கவேண்டுமா?

நிற்கட்டும் என்றான் தெனுவன்.
ஓடுகிற பஸ்ஸுக்கு யார் டயர் மாற்றுவது?

கிருலப்பனைக் கால்வாய்ப் பம்பை நான் நினைவூட்டவில்லை.
அன்றைக்குப் போனவனே அவன்தான்.

ஒக்டோபர் மழை. நீர்மட்டம் பிழையாகக் காட்டுகிறது என்று
லேப்டொப்பைச் சீலைப்பை ஒன்றில் சுற்றிக்கொண்டு போய்
கருவியைச் செருகினான்.
கட்டளை எதுவும் அடிக்கவில்லை.
செருகினாலே சிப்பை நிறுத்திவிடுவது அப்போது எங்கள் வழக்கம்.
யார் வைத்த வழக்கம்? நான் வைத்தது,
முதல் மாதத்தில், இதே மேசையில்,
ஒரேயொரு சிவப்பு விளக்கு மின்னுகிற பலகையை
முன்னால் வைத்துக்கொண்டு.

துடிப்பு வரவில்லை, ரிலே விழுந்தது, பம்ப் நின்றது.
பதினொரு நிமிடம்.
அவன் ரெஜிஸ்டர்களை வாசித்துக்கொண்டிருந்தான்,
பதினாறும் அசையாமல், அவ்வளவு அழகாக.
பின்வீட்டுப் பெண் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து
"மல்லி, வத்துர" என்றாளாம்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் இதுதான் கண்ணில் படுகிறது.
கடையில் ஒன்றும் சொல்லாவிட்டால்
பிளேன்டீ சீனியோடு வரும்.
நூறாம் இலக்க பஸ்ஸில் ஒன்றும் சொல்லாவிட்டால்
கொண்டக்டர் சிங்களத்தில் மிச்சக்காசு தருவார்.
வங்கி மெஷின் மூன்று மொழிகளையும் காட்டிப்
பத்து விநாடி மரியாதையாகக் காத்திருந்து
பிறகு தானே ஒன்றைத் தெரிவுசெய்யும்.
எதை என்று உங்களுக்கே தெரியும்.
காப்புறுதிப் படிவத்தில் நான் வெறுமையாக விட்ட கட்டத்தில்
திருமதி வந்து உட்கார்ந்திருந்தாள்,
யாரோ ஒரு பெண், என் பெயருக்கு முன்னால்.

அழி என்கிற கட்டளையில்தான் ருஷ்தாவுக்குக் கோபம் வந்தது.
எந்த இடம் என்று சொல்லாமல் அடித்தால்
முழு சிப்பையும் துடைத்துவிடுகிறது,
இரண்டு வருட அளவுத்திருத்தம் உட்பட.
மௌனம் சம்மதம்தானே என்று நான் பகிடியாகச் சொல்ல,
அதை எந்த மடையன் சொன்னது என்றாள்,
கையிலிருந்த மாலுபாணைக் கீழே வைத்துவிட்டு.

மாலைக்குள் முடிந்தது.
செருகினால் தொடாதே, பார்த்துக்கொண்டு மட்டும் இரு.
ரீசெட் என்றால் ஓடு. நிற்க இன்னொரு சொல் வேண்டும்.
அழி என்று மட்டும் சொன்னால்
எதையெல்லாம் அழித்திருப்பாய் என்று பட்டியல் போட்டுவிட்டு
ஒன்றையும் அழிக்காதே.
தெனுவன் கணக்குப் பார்த்தான்:
நாளைக்கு நூறு தடவை, தடவைக்கு ஐந்து எழுத்து,
என் விரலுக்கு யார் காசு தருவது?
என்றாலும் அவனே அந்த வரியை எழுதினான்.
பக்கத்தில் ஒரு குறிப்பும்:
இதை மாற்ற விரும்புகிறவர்
மழை நாளொன்றில் கிருலப்பனைக்குப் போய்வரவும்.

திங்கட்கிழமை பியகமத் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு.
நேற்றுவரை நின்றது, மிஸ், இன்றைக்கு ஓடுகிறது.
லைனில் முந்நூறு பலகை, பாதி எழுதியபடி.
அவர்களுடைய பழைய ஸ்கிரிப்ட்
எங்கள் பழைய மௌனத்தை நம்பியிருந்தது.

பம்பைப் பற்றிச் சொன்னேன், செருப்பைக் கையில் தூக்கியவளைப் பற்றி,
தேவையில்லாமல் திருமதியைப் பற்றியும்.
மறுமுனையில் அவர் ஒன்றும் சொல்லவில்லை.
ரயில் வந்து போயிற்று.
அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.