கிறுகி வருதல்

பதினொரு வருடமாக
இந்தக் கொட்டேஜின் பதிவேட்டில் நான்தான் எழுதுகிறேன்.
பெயர், நாடு, கடவுச்சீட்டு இலக்கம்,
வந்த நோக்கம்: சுற்றுலா.
அறுகம்பேக்கு அலை ஏற வருகிறவர்கள்
அதை நின்றபடியே சொல்வார்கள்,
கக்கத்தில் பலகை, காலில் மணல்.
ஒருநாளும் நான்
ஆதாரம் கேட்டதில்லை.

போன வருட ஓகஸ்டில் பின்லாந்துக்காரி ஒருத்தி
போனைத் திருப்பிக் காட்டினாள்:
உறைந்த ஏரி. அதன்மேல் ஒரு லொறி.
லொறிக்குப் பின்னால் ஓடும் நாய்.
பொத்துவில் களப்புக் கரையில் பிறந்தவன் நான்.
தண்ணீரில் தோணி போகும்,
முதலை போகும், ஆள் தாழ்வான்.
லொறி போகுமென்றால்
அதைப் பார்த்துவிட்டுத்தான் மௌத்தாகவேண்டும்.

வேறொன்றுமில்லை.
இதை ஒருவரும் நம்பவில்லை.

"நல்லம் மச்சான், போனாப் போனதுதான்," என்றான் இஸ்பான்.
ராத்தா தன் மகனுக்கும் வழி பார்க்கச் சொன்னா.
ஸ்டூடியோ சிறாஜ்
காது தெரிய, பல் தெரியாமல் எடுத்தான்.
வெள்ளைச் சீலைக்கு முன்னால்
கடனாளி மாதிரி இருந்தேன்.
ஆறுமாத வங்கிக் கணக்கில்
ஐந்தாம் மாதம் திடீரென்று வீங்கியிருக்கிறது.
அது நுஸ்ராவின் காப்பு இரண்டு.

பயணத்திட்டமும் கேட்டார்கள்.
ஹெல்சிங்கி இரண்டு நாள், ரயில் ஒரு நாள்,
ஏரி ஐந்து நாள், ஒன்பதாம் நாள் திரும்புதல்.
"தண்ணி உறைஞ்சிருக்கா எண்டு பாக்க
அஞ்சு நாளா?" என்றான் டைப் அடித்தவன்.

இவர் மீண்டும் வேலைக்குச் சேருவார் என்று
முதலாளி கடிதம் தரவேண்டும்.
ஒப்பம் வைக்குமுன் ஹாஜியார்
கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்:
"உண்மையா கிறுகி வருவியாடா?"

காணி உறுதி.
காணி இருக்கிறது. உறுதியைக்
கடல் கொண்டுபோய் இருபது வருடத்துக்கு மேல்.
அதுவும் கிறுகி வரவில்லை.

காப்புறுதியில் ஒரு வரி:
அங்கே நான் இறந்தால்
உடலை ஊருக்கு அனுப்பும் செலவு அவர்களுடையது.
மையித்து திரும்பும் என்பதற்கு
முத்திரை குத்திய உத்தரவாதம்.
உயிரோடு வருவேன் என்பதற்குத்தான்
தாள் கிடைக்கவில்லை.

கொழும்புக்கு இரவு பஸ்.
படியிறங்கும்போது வாய் தவறியது, "போறன்."
"போய்ட்டு வாறன் எண்டு சொல்லுங்க,"
நுஸ்ரா கதவைப் பிடித்தபடி நின்றாள்.
சொன்னேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

கண்ணாடியில் பத்து விரல்.
இடது பெருவிரல் பதியவில்லை.
துடைச்சிட்டு வைங்க.
துடைச்சிட்டு வைங்க.
ஏன் பின்லாந்து?
ஐஸ் பார்க்க.
அந்தப் பிள்ளை என்னையும்
தன் தேத்தண்ணிக் கோப்பையையும் பார்த்தது.

பதினேழாம் நாள் கடிதம்.
ஒரு கட்டத்தில் புள்ளடி:
வீசா முடியுமுன் வெளியேறும் உங்கள் எண்ணத்தில்
நியாயமான சந்தேகம் உண்டு.
நான் இன்னும் நுழையாத ஒரு நாட்டிலிருந்து
வெளியேற மாட்டேனாம்.

அன்று பின்னேரம் நோர்வேப் பொடியன் ஒருவன் வந்தான்,
சீசன் முடியும் நேரம்.
எப்போது போவீர்கள் என்றேன்.
"அலை இருக்கும்வரை."
புறப்படும் திகதிக்கு நேரே
அப்படியே எழுதினேன்: அலை இருக்கும்வரை.

குசினி பூட்டியபிறகு
களப்பில் ஒரு பேசின் தண்ணி அள்ளி வந்து
பிரீசரில், இறாலுக்கும் கணவாய்க்கும் நடுவில் வைத்தேன்.
வெள்ளாப்பில் எடுத்தேன்.
உப்பல்லவா, கண்ணாடியாய் வரவில்லை;
கரைந்த சவர்க்காரம் மாதிரி மங்கல்.
சீமெந்துத் தரையில் வைத்து
செருப்பைக் கழற்றி
வலது காலைத் தூக்கி வைத்தேன்,
மெதுமெதுவாக முழுப் பாரத்தையும்.

தாங்கியது.
குதிக்காலால் ஏறிய குளிர்
முழங்காலில் வந்து நின்றது.

"என்ன நானா செய்யிறீங்க?"
மீன் பெட்டியோடு வந்த பொடியன் வாசலில்.
"பொறு," என்றேன்,
"ஒருக்காக் கிறுகிட்டு வாறன்."