நாலு டிகிரி

குப்பிகளில் பெயரில்லை.
ஒன்றில் நாவல்நிற ஒட்டுத்தாள், இன்னொன்றில் மஞ்சள்.
எது எந்தக் கரைசல் என்பது ஸுபெல்தியாவுக்கு மட்டும் தெரியும்.
அவன் அந்தப் பட்டியலை இழுப்பறையில் பூட்டிவிட்டு
சாவியோடு கோர்தொபா மலைக்கு விடுமுறை போய்விட்டான்.

கண்ணைக் கட்டிச் செய்கிற சோதனையாம்.
கண்ணைக் கட்டினார்கள் சரி,
கையை யார் கட்டினார்கள்?
ஊசிக்குழலை அழுத்தும்போதே பெருவிரல் சொல்லிவிடுகிறது:
மஞ்சள் கெட்டி, பாகுபோல் தயங்கி இறங்கும்.
நாவல் வெறும் தண்ணீர், தொட்டால் ஓடும்.
தெரிந்ததைத் தெரியாததுபோல் எழுதுவது
என் சம்பளத்தில் பாதி.

எலியின் ஈரல் பத்து கிராம்.
கரைசல் உள்ளே போகப் போக ரத்தம் விலகி,
செங்கல் நிறம், பிறகு களிமண்,
பிறகு மழையில் கிடந்த அட்டைப்பெட்டி.
அப்படியே பனிக்குள், நாலு டிகிரியில்,
இருபத்து நான்கு மணி நேரம்.
அதைச் செத்தது என்று எழுதக் கூடாது.
இருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

ஜனவரி. ரொசாரியோ நகரமே வெந்துகொண்டிருந்த இரவில்
பதினொன்றே காலுக்கு மின்சாரம் போனது.
குளிர்ப்பெட்டியின் முணுமுணுப்பு நின்றதும்
ஈரக்குலை பதற நாலு மாடி இறங்கி
பெட்ரோல் பங்குக்கு ஓடினேன்.
மூன்று மூட்டை பனிக்கட்டி.
"பார்ட்டியா அக்கா?" என்றான் கல்லாவில் இருந்த பையன்.
"ஆமாம்" என்றேன். "ரெண்டே ரெண்டு பேர்."
விடியும்வரை வெப்பமானியை டார்ச் வெளிச்சத்தில் பார்த்திருந்தேன்.
ஐந்து. நாலரை. ஐந்து.
ஆற்றுப் பக்கமிருந்து ஒரு காற்றும் வரவில்லை.

காலையில் டாக்டர் ஒஃபேலியா பிரிஸுவேலா
நுண்ணோக்கியில் முகம் புதைத்தார்.
பழைய ஈரலை எடுத்தாயிற்று, புதியது இன்னும் சேரவில்லை.
பதினாறு நிமிடம்
ஈரலே இல்லாமல் ஓர் உயிர் மேசைமேல் இருந்தது.
நான் நிமிடங்களைச் சத்தமாகச் சொன்னேன்.
அவர் பதிலே சொல்லவில்லை, மாத்தேயும் கேட்கவில்லை.
கவ்வியை எடுத்ததும்
அட்டைநிறத்தில் சிவப்பு ஓரத்திலிருந்து ஊறியது,
ஒரு மடலில் மட்டும் திட்டுத் திட்டாய் நின்றது, யோசித்தது,
பிறகு அதுவும் வழிவிட்டது.
நாற்பதாம் நிமிடம் குழாய் நுனியில்
ஒரு துளி பித்தம், பொன்நிறத்தில்.
குறிப்பேட்டில் எழுதினேன்: மஞ்சள், பதினேழு.
எழுதிய பின்தான் கை நடுங்கியது.

மார்ச்சில் இழுப்பறை திறந்தது.
மஞ்சளில் பத்துக்கு ஆறு, நாவலில் பத்துக்கு ஐந்து.
"வித்தியாசம் இல்லை" என்றார் புள்ளியியல்காரர்,
கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே.
இல்லைதான். பத்துக்குப் பத்தில் ஒன்று என்பது எதுவுமில்லை.
அந்த ஒன்றின் காது கிழிந்திருக்கும்,
மூன்றாம் நாள் என் கையுறையைக் கடித்தது,
ஐந்தாம் நாள் தானாகவே தின்றது.
ஏழாம் நாள், விதிப்படி, பிழைத்தவையும் மேசைக்கு வரும்.
திசுவை வெட்டிப் பார்த்தால்தானே தெரியும்.
அட்டவணையில் அதன் பெயர் "பிழைத்தது".

நேற்று கணக்குப் பிரிவிலிருந்து ரசீது திரும்பி வந்தது.
பனிக்கட்டி, மூன்று மூட்டை:
கேளிக்கைச் செலவு அனுமதிக்கப்படாது.
பின்பக்கத்தில் விளக்கம் எழுத
நாலு வரி இடம் விட்டிருக்கிறார்கள்.