பழைய காது

ஐம்பது லக்ஸைத் தாண்டக்கூடாது.
மீட்டரை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து
விளக்கைத் தணித்துக்கொண்டே வந்தேன்.
வெளியே சார்ஜா, நாற்பத்தாறு டிகிரி.
உள்ளே ஒல்லாந்துக்காரர் ஒருவருக்கு
வெளிச்சம் பட்டால் ஆகாது.

முட்டை வடிவச் சட்டம். கீழே கல்பலகை போல ஒன்று,
அதில் அவர் பெயர், பதவி, ஊர், பிறந்த வருஷம்.
எல்லாமே கோடு. கன்னம் கோடு,
கன்னத்து நிழல் கோட்டின்மேல் குறுக்குக்கோடு.
பொத்தானைக்கூடச் சுற்றிச் சுற்றிக் கீறியிருந்தான்.
நம்ம எமிரேட்ஸ் ஐடிதான்டா, என்றான் நிஸ்தார்,
சிப் மட்டும் இல்லை.

டாக்டர் லம்யா பக்கவாட்டில் டார்ச் அடித்தார்.
இந்தத் தகட்டில் முதலில் இருந்தவர் வேறு ஆள்.
நகரத் தலைவர். பொய்மயிர், குலச்சின்னம், இரண்டு சிங்கம்.
ஆட்சி மாறியதும் சிங்கங்களைச் சுரண்டினார்கள்,
அப்புறம் முகத்தை.
செம்பை மழித்து, முதுகில் தட்டி மட்டமாக்கி
அதே கோட்டுக்குள், அதே நாற்காலியில்
புதியவரை உட்காரவைத்தார்கள்: வக்கீல், சொந்த முடி,
தலைக்கு மேல் வாகை இலை.
செம்பு விற்ற விலை அப்படி.

இங்கே பாருங்கள், என்றார்.
வக்கீலின் காதுக்குப் பின்னால், முடிக்குள்,
சுரண்டத் தவறிய இன்னொரு காது.

என் சட்டைப் பையின்மேல் நீல நூலில்
ஆங்கில எழுத்தில் சுல்ஃபிகர்.
சேர்ந்த அன்று ஸ்டோரில்
என் அளவுக்கு இருந்தது அது ஒன்றுதான்.
பெஷாவர்க்காரராம். எதற்குப் போனார், தெரியாது.
பதினான்கு மாதமாக அந்தப் பெயருக்குத் திரும்புகிறேன்.
படிவத்தில் 'கையாண்டவர்' என்ற கட்டத்துக்கும்
சட்டையில் இருப்பதே போதும் என்றார் சூப்பர்வைசர்.

படத்தின் வலது மூலையில், கடுகளவில்,
கீறியவன் பெயர். லென்ஸ் வைத்தால்தான் வரும்.
அதை மட்டும் யாரும் சுரண்டவில்லை.
சுரண்டியவனே அவன்தானே.

ராத்திரி சஜா கேம்பில், மேல்கட்டிலில்
பிளேடோடு உட்கார்ந்து தையலைப் பிரித்தேன்.
மூன்று எழுத்து வந்தது.
நூல் போன இடத்தில் ஊசித் துளைகள் போகவில்லை,
போன் வெளிச்சத்தில் பிடித்தால்
முழுசாக வாசிக்கலாம்.
அலுத்து மடித்து வைத்துவிட்டேன்.

காலையில் பஸ்ஸில் நிஸ்தார்
மிச்சத்தை எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு
ஃபிகரு, ஃபிகரு என்று
நேஷனல் பெயிண்ட்ஸ் நெரிசல் தாண்டும்வரை சிரித்தான்.
நானும் சிரித்தேன். கை மட்டும்
பையின்மேல் இருந்தது,
துளைகள் இருக்கிற பக்கம்.