நாய் வாங்கிய செலவு

மொகேத்தி நினைவுக் கல்வி நிதியின்
கணக்கை நான்தான் எழுதுகிறேன்.
லெசோத்தோ மலைமேல், மொகொட்லோங் தபால் நிலையத்தில்
பகல் முழுதும் முத்திரை குத்திய கை
மாலையில் ஒரு மணி நேரம்
இந்தப் பேரேட்டுக்கு.

வரவு ஒரே ஒரு வரி:
சுரங்கம் கொடுத்த இழப்பீடு.
நுரையீரல் கல்லாகி அவர் போய்ப்
பதினோரு வருடம் கழித்து வந்து சேர்ந்த பணம்.
அதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்,
கூரையையும் கடனுக்கு மாற்றியாகிவிட்டது.
'இனி எனக்கு எதற்கு' என்றார் மாலினேயோ,
போர்வையின் ஊசியைக்கூடக் கழற்றாமல்,
நின்றபடியே.

செலவுப் பக்கம்தான் என்னைப் படுத்துகிறது.

மாணவருக்கு ஒரு பங்கென்றால்
ஆசிரியருக்கு அரைப் பங்கு. அவர் போட்ட விதி.
காரணம் கேட்டேன்.
சுரங்க விடுதியில் மேல்கட்டிலில் படுத்திருந்த ஒருவர்
மொகேத்திக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாராம்.
பதிலுக்குத் தரக் கையில் ஒன்றுமில்லாமல்
இவர் ஒரு ஜோடிக் காலுறை தந்தாராம்.
அதுவும் துவைக்காதது.
அந்தக் கடன் இன்னும் தீரவில்லை என்கிறார்.

அதனால் கெனேயுவே டீச்சருக்கு
முழங்கால்வரை ரப்பர் காலணி, குதிரை வாடகை,
ஜூலையில் ஆறு உறைந்து
இரண்டு இரவு தங்கிய வகையில் சோளமாவு.
செவ்வாயும் வெள்ளியும் இரவில்
மேய்ச்சல் குடிசையில் வகுப்பு.
ஒன்பது மேய்ப்பர்கள். மூத்தவனுக்குப் பத்தொன்பது,
இளையவனுக்குத் தன் வயது தெரியாது.

கேள்விப்படுகிறவர்கள் எல்லோரும்
அவருடைய தலைவிளக்கின் வெளிச்சத்தில்தான்
பாடம் நடக்கிறதா என்கிறார்கள்,
கண்கலங்கத் தயாராக.
இல்லை.
விளக்கைச் சுரங்கம் திருப்பி வாங்கிக்கொண்டது,
ரசீது கொடுத்து.
இது மசேருவில் வாங்கிய சூரிய விளக்கு,
இருநூற்று நாற்பது மலோட்டி,
ஆடு மிதித்து ஒருமுறை கண்ணாடி விரிந்தது.

பிறகு, நாய்.

செல்லோ என்ற பையன் நான்கு வாரமாக வரவில்லை.
டீச்சர் குதிரையைத் திருப்பி அவன் பட்டிக்கே போனார்.
எழுத்து அவனுக்குக் கசக்கவில்லை.
அறுபத்து மூன்று ஆடு, இருட்டில் குள்ளநரி,
காவலுக்கு அவன் ஒருவன்.
ஒன்று குறைந்தாலும்
வருடக் கூலியான பசு கிடையாது.
விண்ணப்பம் வந்தது:
'கல்விச் செலவு. நாய், ஒன்று.'

குழுவில் சண்டை.
பாதிரியார் சிரித்தார்.
கையைக் கடிக்கும் என்றார் கடைக்கார மோலாப்போ,
கடிப்பது நாயா கணக்கா என்று சொல்லவில்லை.
விதிகளைப் புரட்டினேன்:
புத்தகம், சீருடை, கட்டணம், எழுதுபொருள்.
மாலினேயோ கேட்டார்,
'நாய் விழித்திருந்தால் பையன் படிப்பானா, மாட்டானா?'
எழுதுபொருளில் சேர்த்துவிட்டேன்.
கடவுள் மன்னிப்பார்.
தணிக்கையாளரைப் பற்றித் தெரியாது.

நேற்று நாய்த் தீனிக்கு ரசீது வந்தது.
செல்லோவே எழுதியது, பென்சிலில்,
ஒவ்வொரு எழுத்தும் சரிவில் இறங்கும் ஆடு மாதிரி
முன்னதை முட்டிக்கொண்டு.
பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில்
நாயின் பெயரை எழுதியிருக்கிறான்.
சரிதான், தின்றது அதுதானே.
நிதியின் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது:
மொகேதி.

திருத்தப் பேனாவை எடுத்தேன்.
மாலினேயோ தடுக்கவில்லை, அப்படிப்பட்டவர் அல்ல.
பைக்குள்ளிருந்து பழைய சம்பளச் சீட்டுகளை எடுத்து
மேசைமேல் வைத்தார், ஒரு கட்டு.
இருபத்திரண்டு வருடம்.
எல்லாவற்றிலும் ஏழு இலக்க எண்.
பெயர் ஒன்றில்கூட இல்லை.

ரசீதை அப்படியே ஒட்டினேன்.
பேரேட்டிலும் அவன் எழுதிய மாதிரியே.

கூட்டிப் பார்த்ததில் நான்கு மலோட்டி உதைக்கிறது.
எங்கே என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.
வெளியே பனி பிடித்துக்கொண்டது.
இன்று வெள்ளி.